மூன்றாவது வாசல்

நேட்டால் கப்பல் பட்டியல்கள் என்று ஒன்று இருக்கிறது. 1860 முதல் 1911 வரை, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய சுமார் 1,52,000 இந்தியர்களின் பதிவு. டேட்டாபேஸ் வேலை பார்த்தே பாதி வயதைக் கழித்தவன் என்பதால், எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண் போவது அதன் தலைப்புகள் மேல்தான். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். அவ்வளவுதான். ஒரு மனுஷனை ஒரு வரியில் அடக்கிவிட்டார்கள்.

அந்த 'சாதி' என்ற கட்டம் சென்னைத் துறைமுகத்தில் நிரப்பப்பட்டுக் கப்பலோடு போனது. டர்பனில் இறங்கியதும் வெள்ளைக்கார முதலாளிக்கு அது தேவைப்படவில்லை. வன்னியரோ, பறையரோ, கவரையோ, எல்லாருக்கும் ஒரே பெயர்: கூலி. தோட்டத்தில் வேலை செய்தவர் கூலி. வக்கீல் கூலி வக்கீல். வியாபாரி கூலி வியாபாரி. ஊரில் பல கட்டங்களாக இருந்ததை அங்கே ஒரே கட்டமாக்கி, அதைச் சுற்றி வேலி போட்டார்கள். அந்த வேலியோடு தொழிலாளிகளும், பிறகு மாணவர்களும் போட்ட சண்டையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்களுக்குப் பிழைக்கப் போன ஊர் என்றால் பெரும்பாலும் இலங்கைதான். தூத்துக்குடி பக்கம், கொழும்பு எதிர்க்கரை. நேட்டாலுக்குப் போன தமிழர்களில் அதிகம் பேர் வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்காரர்கள். அப்புறம் இவனுக்கு என்ன இதில் அக்கறை என்று கேட்டால், ஒட்டப்பிடாரத்துக்கும் டர்பனுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் கப்பல் 'ட்ரூரோ'. சென்னையிலிருந்து 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் ஐந்து வருஷம் என்று பின்னால் நிலைத்தது. முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளியின் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் சிறை. வேலைக்கு வராமல் போனால் அதுவும் கிரிமினல் குற்றம். நம்ம ஊர் மில்லில் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், அங்கே கைவிலங்கு போடுவார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு பலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி போட்டார்கள், மீன் பிடித்தார்கள், ரயில்வேயில் சேர்ந்தார்கள். இதுதான் வெள்ளைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. உழைக்க வந்தவன் உழைத்து முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனாக ஆகிவிடக் கூடாது. அதற்காக 1895இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்பிறகு வருகிறவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் எழுத வேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் ஆளுக்கு வருஷம் மூன்று பவுண்டு வரி. 1903இல் பிள்ளைகளையும் இதில் சேர்த்தார்கள்: 16 வயதான பையன், 13 வயதான பெண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். மூன்று பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது முதல் வருஷக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். புருஷன், பெண்டாட்டி, வயது வந்த ஒரு மகன், ஒரு மகள் உள்ள வீட்டுக்கு 12 பவுண்டு, 240 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் வாங்குகிறவனுக்கு இரண்டு வருஷச் சம்பளம். ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு வெளியே கூலி கொஞ்சம் கூடக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் இது கட்டக்கூடிய வரி இல்லை. கட்ட முடியாதபடி போட்டால்தான் மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பான் என்ற கணக்கு.

இனி வாசலுக்கு வருகிறேன்.

அந்த 1895 வாக்கில் டர்பன் தபாலாபீசில் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று வெள்ளையருக்கு, இன்னொன்று ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் சேர்த்து. அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த நேட்டால் இந்தியக் காங்கிரஸ் இதை எதிர்த்து எழுதியது. அதன் செயலாளர் 25 வயது வக்கீல் காந்தி. பலன் என்ன தெரியுமா? மூன்றாவதாக ஒரு வாசல் வைத்தார்கள், இந்தியருக்கென்று. காந்தியே காங்கிரஸின் அறிக்கையில் இதை ஒரு வெற்றியாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

இளம் வயதுக் காந்தியைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அவர் பின்னால் எவ்வளவோ மாறினார். ஆனால் அந்த மூன்றாவது வாசல் என்னை விடவில்லை. வாசல் ஏன் பிரிந்திருக்கிறது என்று கேட்பது ஒன்று, என்னை ஏன் அவனோடு சேர்த்தாய் என்று கேட்பது இன்னொன்று. நேட்டால் தமிழர்களின் அடுத்த 80 வருஷச் சரித்திரத்தை இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் வைத்துப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

டிரான்ஸ்வாலில் 1906இலிருந்து நடந்த போராட்டம் பத்து விரல் ரேகை வைக்கும் பதிவுச் சட்டத்துக்கு எதிரானது. ஜோகன்னஸ்பர்க் தமிழர்கள்தான் அதில் கடைசிவரை நின்றார்கள். தமிழர் நலச் சங்கத் தலைவரான தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்தவர், திரும்பத் திரும்பச் சிறை போனவர். சிறையில் குளிரில் கிடந்து, வெளியே வந்த சில நாளில் 1909 ஜூலையில் செத்துப்போன சாமி நாகப்பன் இளைஞர். நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தும் கரையேற விடாததால் 1910இல் கப்பலிலேயே இறந்த நாராயணசாமியும் இந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆனால் நேட்டாலில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மூன்று பவுண்டு வரி இந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் இல்லை. தோட்டக் கூலிகள் பார்வையாளர்களாகவே இருந்தார்கள். 1912இல் கோகலே வந்து, வரியை எடுத்துவிடுவதாக மந்திரிகள் தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அரசு பின்வாங்கியது. அப்படித்தான் 1913இல் வரி கோரிக்கையாக உள்ளே வந்தது.

அதே வருஷம் மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சீர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்துக் கல்யாணங்கள் அந்த நாட்டில் செல்லாது. நேற்று வரை பெண்டாட்டி, இன்றைக்குச் சட்டப்படி யாரோ. பெண்கள் இறங்கினார்கள்.

டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய பதினோரு பெண்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்க் குடும்பங்கள். ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. அனுமதியில்லாமல் எல்லை தாண்டினால் கைது செய்வார்கள் என்பது கணக்கு, போலீஸ் கண்டுகொள்ளவில்லை. நேராக நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் உட்கார்ந்து தமிழில், தெலுங்கில், தெரிந்த இந்தியில் வரிக் கணக்கைச் சொன்னார்கள். வரி எடுக்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள். 1913 அக்டோபர் 16 அன்று ஃபார்லே சுரங்கத்தில் 78 பேர் வேலையை நிறுத்தினார்கள். இரண்டு வாரத்தில் அது ஆயிரக்கணக்காகிவிட்டது. பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல்.

பாடப் புத்தகத்தில் தில்லையாடி வள்ளியம்மை வருகிறார், சரி. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு கிடந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, தன் 16வது பிறந்தநாளில் இறந்துபோனார். அவரைத் தெரிந்த அளவுக்கு இந்தப் பதினோரு பேரை நமக்குத் தெரியாது. ஆவணத்திலும் பலர் 'திருமதி இன்னார்' என்றே இருக்கிறார்கள், கணவன் பெயரோடு. ஒரு வேலைநிறுத்தத்தையே தொடங்கிவைத்தவர்களுக்குச் சொந்தப் பெயர் எழுத யாருக்கும் தோன்றவில்லை!

வேலையை நிறுத்தியவர்கள் குடியிருந்தது முதலாளியின் லைன் வீடு. தண்ணீர், விளக்கு எல்லாம் நின்றது. குடும்பத்தோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நியூகாசிலுக்கு வந்துவிட்டார்கள். அங்கே டி.எம். லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டைத் திறந்துவிட்டார். நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். தலைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. காந்தியை நாலு நாளில் மூன்று தடவை கைது செய்தார்கள். நவம்பர் 10 அன்று பால்ஃபரில் எல்லாரையும் ரயிலில் ஏற்றிச் சுரங்கங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். அதோடு விட்டார்களா? சுரங்க வளாகங்களையே சிறைச்சாலைகளின் கிளைகள் என்று அறிவித்து, சுரங்க மேஸ்திரிகளையே வார்டன்களாக்கி, 'கடுங்காவல் தண்டனை'யாக அதே நிலக்கரியை வெட்டச் சொன்னார்கள். கூலி மிச்சம். இதை யோசித்தவன் கெட்டிக்காரன்தான்.

பொதுவாக இந்த நடைப்பயணத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்தது. காந்தி சிறையில், தம்பி நாயுடு சிறையில், காலன்பாக், போலாக் எல்லாரும் சிறையில். கட்டளையிட ஒருத்தர் வெளியே இல்லை. அந்த நேரத்தில்தான் கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்கள் முழுக்க வேலைநிறுத்தம் பரவியது. டர்பன் நகரில் ரயில்வே, ஹோட்டல், நகராட்சிக் குப்பை வண்டி வரைக்கும் நின்றது. மொத்தம் சுமார் 20,000 பேர். இவர்களில் பலர் இன்னும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், மூன்று பவுண்டு வரி அவர்கள் தலையில் இன்னும் விழவில்லை. நாளைக்கு விழப்போகும் வரிக்காக இன்றைக்குக் கூலியை விட்டார்கள். வரி ஒரு பெயர்தான், அடி உதை, சீட்டு, லைன் வீடு எல்லாம் சேர்ந்துதான் வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

குதிரைப் போலீஸ் வந்தது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்தில் நவம்பர் 27 அன்று சுட்டதில் செத்தவர்கள் பெயர்கள்: பச்சையப்பன், செல்வன், ராகவன், குருவாடு. தெற்குக் கடற்கரைத் தோட்டங்களிலும் சுட்டார்கள். கல்லும் கரும்பு வெட்டும் கத்தியும் ஒருபக்கம், துப்பாக்கி இன்னொருபக்கம். வைஸ்ராய் ஹார்டிஞ்சே சென்னைக்கு வந்து தென்னாப்பிரிக்க அரசைக் கண்டித்துப் பேச வேண்டிய நிலை வந்தது. 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுண்டு வரி போயிற்று, கல்யாணங்கள் செல்லுபடியாயின. ஜூலை 18 அன்று காந்தி கப்பலேறினார்.

ஜெயித்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் 1913 என்ற அதே வருஷத்தில் அந்த நாட்டில் வேறு என்ன நடந்தது என்று பார்க்கும்போது மனம் கனக்கிறது. அந்த ஜூன் 19 அன்று பூர்வகுடியினர் நிலச் சட்டம் வந்தது. நாட்டின் பெரும்பான்மை மக்களான ஆப்பிரிக்கர்களுக்கு நிலத்தில் சுமார் 7 சதவீதம்தான் என்று ஒதுக்கிவிட்டது. அதே ஜூனில் ப்ளும்ஃபாண்டைனில் ஆப்பிரிக்கப் பெண்கள் பாஸ் சீட்டுக்கு எதிராக ஊர்வலம் போய்ச் சிறைக்குப் போனார்கள். சீட்டுக்காகச் சிறை போன பெண்கள் அங்கே, வரிக்காகச் சிறை போன பெண்கள் இங்கே. ஒருவர் கையை ஒருவர் பிடிக்கவில்லை. பின்னால் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் தலைவர் ஜான் டூபே நடத்திய ஓலாங்கே பள்ளிக்கூடம், காந்தியின் ஃபீனிக்ஸ் பண்ணையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. தபாலாபீஸ் வாசல்கள் மாதிரியே இரண்டு தனித்தனிப் போராட்டங்கள்.

இதற்கு விலை பின்னால் கொடுக்க வேண்டிவந்தது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர் கடைகளையும் வீடுகளையும் தாக்கினார்கள். மூன்று நாளில் 142 சாவு. அதில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். கொளுத்தப்பட்டது ஏழைத் தமிழர் தகரக் கொட்டகைகளும்தான். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டதில் அரசுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இதற்கு முன்னே ஒரு முயற்சி நடக்காமல் இல்லை. இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்திய 1946 சட்டத்தை, மக்கள் 'கெட்டோ சட்டம்' என்றார்கள். ஜூன் 13 முதல் டர்பனில் அம்பிலோ சாலை முனையில் வெள்ளையர் பகுதி நிலத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து சுமார் 2,000 பேர் சிறை போனார்கள். தலைவர் டாக்டர் மான்ட்டி நாயக்கர். டாக்டர் குணம் என்ற தமிழ்ப் பெண் மருத்துவரும் பலமுறை உள்ளே போனார். எடின்பரோவில் படித்தவர், பிற்காலத்தில் எழுதிய சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர் 'கூலி டாக்டர்'. மறு வருஷம் நாயக்கர், தாதூ இருவரும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் டாக்டர் சூமாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். மூவரும் டாக்டர்கள் என்பதால் 'டாக்டர்கள் ஒப்பந்தம்'. 1952 ஒத்துழையாமை இயக்கத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்தே சிறை போனார்கள், 8,000க்கும் மேல் கைது. ஆனாலும் அமைப்புகள் தனித்தனிதான். இந்தியர் காங்கிரஸ் ஒன்று, ஆப்பிரிக்கர் காங்கிரஸ் ஒன்று. கைகோத்தார்கள், வாசல் பிரிந்தே இருந்தது.

1948இல் வந்த அரசு அந்தப் பிரிவை முழு எஞ்சினியரிங் ஆக்கிவிட்டது. 1950 மக்கள் பதிவுச் சட்டம் என்பது, என் தொழில் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு ரெக்கார்டு, அதில் 'இனம்' என்ற கட்டாயக் கட்டம், காலியாக விட முடியாது, ஒரே ஒரு மதிப்புதான் இருக்கலாம். எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்தப் பெஞ்சு, எந்தக் கடற்கரை, யாரைக் கல்யாணம் செய்யலாம் எல்லாம் அந்த ஒரு கட்டத்தைப் படித்து முடிவாகும். 1959இல் பல்கலைக்கழகங்களையும் இனவாரியாகப் பிரித்தார்கள். இந்தியருக்கென்று 1961இல் ஒரு கல்லூரி திறந்தார்கள். இடம், டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவு. கடற்படை விட்டுப்போன பழைய பாரக்குகள். கூலிகளின் பேரப்பிள்ளைகள் படகேறிக் கல்லூரிக்குப் போய்வந்தார்கள்.

அங்கே படித்த ஸ்ரீனிவாச ராஜு மூட்லியைக் கல்லூரி வெளியேற்றியது. சதாசிவன் கூப்பரும் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி என்றால்தான் அங்கே தெரியும். மூட்லி என்பது நம்ம முதலிதான், நேட்டால் குமாஸ்தாவின் ஸ்பெல்லிங்கில். இரண்டு பேரும் 1969 வாக்கில் நேட்டாலில் நாடகக் குழு நடத்தினார்கள். அதே ஊரில் கறுப்பர் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் ஸ்டீவ் பிக்கோ.

பிக்கோவுக்குப் பொறி தட்டிய இடமும் ஒரு வாசல்தான். 1967இல் கிரகாம்ஸ்டவுனில் நடந்த மாணவர் சங்க மாநாட்டில், வெள்ளை, கறுப்பு எல்லா மாணவருக்கும் பொதுவான, இனப்பாகுபாட்டை எதிர்ப்பதாகச் சொன்ன சங்கம் அது, வெள்ளை மாணவர்கள் பல்கலைக்கழக விடுதியில் தங்க, கறுப்பு மாணவர்களுக்குத் தனி இடம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. மாநாடு கண்டித்தது, தொடர்ந்தும் நடந்தது. பிக்கோவும் நண்பர்களும் வெளியே வந்து 1969இல் சாசோ என்று அழைக்கப்பட்ட தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

சாசோ செய்ததில் பெரிய காரியம் ஒரு சொல்லை மாற்றியது என்பேன். அதுவரை சட்டமும் பேப்பரும் எல்லாரையும் சேர்த்துச் சொல்ல வைத்திருந்த வார்த்தை 'வெள்ளையர் அல்லாதார்'. 1970இல் அதைத் தூக்கிவிட்டுக் 'கறுப்பர்' என்ற சொல்லை எடுத்தார்கள். யார் கறுப்பர்? சட்டத்தாலோ வழக்கத்தாலோ ஒடுக்கப்பட்டு, அந்த ஒடுக்குமுறைக்கு எதிராகத் தங்களை ஒன்றாகக் கருதுகிறவர்கள். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும். தோல் நிறத்தை வைத்து இல்லை. போலீஸ் வேலை பார்க்கும் ஆப்பிரிக்கன் அந்தக் கணக்கில் கறுப்பன் இல்லை, கூப்பரும் மூட்லியும் கறுப்பர்கள். அரசு நிரப்பிய கட்டத்தை அழித்துவிட்டு, தன் கையால் வேறொன்றை எழுதிக்கொள்வது. ஒரு நேட்டால் தமிழ் இளைஞன் தன்னைக் கறுப்பன் என்று தானே அழைத்துக்கொள்வது அன்றைக்கு என்ன காரியம் என்று யோசிக்க, நம் கல்யாண விளம்பரங்களில் நிறம் படும் பாட்டை நினைத்துக்கொண்டால் போதும்.

எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1971இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸை மறுபடி உயிர்ப்பித்தபோது, பெயரில் 'இந்திய' எதற்கு, கதவைத் திறங்கள் என்று சாசோ தரப்பு கேட்டது. ஜனங்களை அவர்கள் இருக்கும் இடத்தில் போய்த்தான் திரட்ட முடியும், இந்தியர் குடியிருப்பில் இந்தியராகத்தான் பேச முடியும் என்று காங்கிரஸ் தரப்பு சொன்னது. அதிலும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது, பின்னால் 1980களில் அவர்கள்தான் வீடு வீடாகப் போய் வேலை செய்தார்கள். இருந்தாலும் எனக்குச் சாய்வு சாசோ பக்கம்தான். மூன்றாவது வாசல் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் அவர்கள்.

தொழிலாளர் பக்கம் 1973இல் திரும்ப வெடித்தது. ஜனவரி 9 அன்று டர்பனில் கொரனேஷன் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பிறகு ஃப்ரேம் குழுமத்து நூல் மில்கள், நகராட்சி என்று மார்ச்சுக்குள் 60,000 பேருக்குக் குறையாமல் இறங்கினார்கள். பெரும்பாலும் ஜூலு தொழிலாளர்கள், மில்களில் இந்தியரும் உண்டு. பேச்சுவார்த்தைக்குப் பிரதிநிதி அனுப்புங்கள் என்று முதலாளி கேட்டால் அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் அவன் வேலை போகும். மைதானத்தில் நின்றபடியே எல்லாரும் பதில் சொல்வார்கள். 1913இல் தலைவர்கள் உள்ளே போன பிறகு நடந்த கடற்கரை வேலைநிறுத்தம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. மாணவர்கள் தூண்டிவிட்டார்கள் என்று அரசு சொன்னது. கூலி விவரங்களைச் சேகரித்துத் துண்டறிக்கை போட்டது நேட்டால் பல்கலைக்கழக வெள்ளை மாணவர்களின் ஒரு குழு, அது உண்மை. ஆனால் சூளைக்காரனுக்குப் பசியைச் சொல்லித்தர மாணவன் தேவையில்லை. அந்த மார்ச்சில் பிக்கோ, கூப்பர், மூட்லி உள்ளிட்டோர் மீது தடையாணை வந்தது. கூட்டத்தில் பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஊரை விட்டுப் போகக் கூடாது.

பக்கத்து மொசாம்பிக் விடுதலை அடையப்போகிறது என்றதும், 1974 செப்டம்பர் 25 அன்று டர்பன் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் தடையை மீறிக் கூட்டம் கூடியது. நாய்களோடு போலீஸ் வந்தது. ஒன்பது பேர் மீது பயங்கரவாதச் சட்டத்தில் வழக்கு. கூப்பர், மூட்லி, முன்டு ம்யேசா, மோசியுவா லெக்கோட்டா எல்லாம் ஒரே கூண்டில். குண்டு இல்லை, துப்பாக்கி இல்லை. கவிதை, நாடகம், பேச்சு, துண்டறிக்கை இவைதான் சாட்சியப் பொருள்கள். 1976 டிசம்பரில் ஐந்து, ஆறு வருஷத் தண்டனையோடு ராபன் தீவுக்குப் போனார்கள். தீர்ப்புக்கு ஆறு மாதம் முன்னால்தான் சொவெட்டோ பள்ளிப் பிள்ளைகள் மீது துப்பாக்கிச் சூடு. மறு வருஷம் செப்டம்பர் 12 அன்று போலீஸ் காவலில் அடிபட்டு பிக்கோ இறந்தார்.

சரி, ஒட்டப்பிடாரம். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற வ.உ.சி. மறு மாதமே கைதானார். 1912 கடைசியில் வெளியே வந்தபோது வக்கீல் சன்னது இல்லை, கப்பல் கம்பெனி இல்லை, சோற்றுக்கே பாடு. அவர் குடும்பத்துக்கென்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டினார்கள். அந்தப் பணம் காந்தி கைக்கு வந்து, 1915இல் வ.உ.சி. அதைக் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கடைசியில் 1916இல் 347 ரூபாய் 12 அணாவாக வந்து சேர்ந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களை வைத்துத் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். எல்லாரும் பணம் ஏன் தாமதமானது என்றே கேட்கிறார்கள். தலைக்கு மூன்று பவுண்டு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமூகம், தான் பார்த்தேயிராத ஒரு கரிசல் ஊர்க்காரருக்குக் காசு சேர்த்ததே, அதைப் பற்றியல்லவா முதலில் பேச வேண்டும்?

டர்பனுக்கும் நமக்கும் இன்னொரு முடிச்சு 2001இல் விழுந்தது. ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு உலக மாநாடு அந்த ஊரில்தான் ஆகஸ்ட் 31 முதல் நடந்தது. சாதியையும் அதில் பேச வேண்டும் என்று இந்தியாவிலிருந்து தலித் அமைப்புகள் போயிருந்தன. சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் உள் விவகாரம் என்று இந்திய அரசு நின்றது. இதில் வேடிக்கை, 1965 ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் இனம், நிறம் என்பவற்றோடு 'பிறப்பு வழி' என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். மானிடவியலில் சாதி இனமாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்த கைக்கும் தபாலாபீசில் தனி வாசல் வைத்த கைக்கும் என்ன வித்தியாசம் என்று டர்பனில் யாராவது கேட்டிருந்தால், அந்த ஊர் பதில் சொல்லியிருக்கும்.

நம் தென்மாவட்டங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிவருவது புதிதில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து சக மாணவர்களே வெட்டிய பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. கயிறு, நெற்றிக் குறி, பள்ளிப் பெயரில் உள்ள சாதி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. எதிர்ப்பும் உடனே வந்தது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் சொன்னார்: "கயித்த அறுத்தா மறுநாள் பொட்டு நிறத்த மாத்திட்டு வாரான் சார்."

டர்பனில் கட்டத்தை அரசு நிரப்பியது, மாணவர்கள் அழித்தார்கள். இங்கே அரசு அழிக்கச் சொல்கிறது, பிள்ளைகள் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். யார் கட்டிவிடுகிறார்கள் அந்தக் கயிற்றை, எந்த வயதில், எந்தக் கடையில் வாங்கி? இந்தக் கேள்விக்கு ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே பேசிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறேன். கோரல் மில் வேலைநிறுத்தம் பற்றித் தனியாக ஒரு குறிப்பு பாதி எழுதி வைத்திருக்கிறேன், அது முதலில் வரும்.